ஸ-வுக்கு மேலே இருப்பது புள்ளியா, கறையா? மாமாவின் ஏரோகிராம்களைச் செப்பனிட்ட கதை

போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் சீர்காழியிலிருந்து ஒரு பிஸ்கட் டின் வந்து சேர்ந்தது. ஊருக்குப் போய்ச் சிங்கப்பூர் திரும்பிய எங்கள் அடுக்குமாடி புளோக் ஆள் ஒருவர் கையில் அக்கா கொடுத்து அனுப்பியிருந்தார். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் அல்ல, என் பெரிய மாமாவின் நண்பருடைய மகள். மாமா அந்த நண்பரை எல்லாக் கடிதத்திலும் "வாத்தியாரே" என்றுதான் கூப்பிடுவார், அவர் தமிழாசிரியர். டின்னுக்குள் 43 கடிதங்கள், எல்லாம் மாமா எழுதியவை, அதில் 31 ஏரோகிராம், அதாவது மடித்தால் தானே உறையாகிவிடும் ஒற்றை வான்கடிதத் தாள். மாமா பகலில் செம்பவாங் கப்பல் பட்டறையில் ஸ்டோர் கிளார்க், மாலையில் ஆர்மோனியம் சொல்லிக்கொடுப்பவர், ராத்திரியில் மணிமேகலைக் கதையை முழுக்கப் பாட்டாகவே நடக்கும் ஒரு இசை நாடகமாக எழுதிக்கொண்டிருந்தவர். வாத்தியார் சீர்காழியில் உட்கார்ந்து வரிகள் எழுதுவார், மாமா இங்கே யீஷூனில் உட்கார்ந்து மெட்டுப் போடுவார், நடுவில் தபால்.

வாத்தியார் எழுதிய பதில்கள் மாமாவின் வீடு மாற்றத்தில் போய்விட்டன. மாமா எழுதியவை மட்டும்தான் மிச்சம். அவையும் டின்னைத் திறந்தபோது இருந்த நிலைமையைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார். குண்டூசி துருப்பிடித்துத் தாளைத் தின்றிருந்தது, மடிப்பெல்லாம் பிரிந்து மூன்று துண்டாகத் தொங்கின, யாரோ நல்ல மனதோடு ஒட்டிய செல்லோடேப் தேன் நிறத்தில் இறுகிப்போயிருந்தது, எல்லாத் தாளிலும் பழுப்புப் புள்ளிகள். ஒரு கடிதத்தை ஊரில் ஏதோ ஒரு கடையில் கொடுத்து லேமினேட் செய்து வைத்திருந்தார்கள். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிக்க வீட்டில் வழி கிடையாது, அதை அப்படியே ஸ்கேன் செய்து ஓரமாக வைத்தேன்.

முதல் வேலை பூச்சி. டின்னின் மூலையில் வெள்ளிப்பூச்சி ஓடியதைப் பார்த்த பிறகு அதைப் புத்தக அலமாரி பக்கம் கொண்டுபோகவே இல்லை. கடிதங்களைச் சின்னச் சின்னக் கட்டாக ஜிப் பைகளில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, ஃபிரீசரில் இரண்டு வாரம் வைத்தேன். வீட்டு ஃபிரீசர் மைனஸ் 18 டிகிரிக்குத்தான் போகும், அதனால்தான் ஒரு வாரத்துக்குப் பதில் இரண்டு. வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது, இதை யாராவது செய்யப்போகிறீர்கள் என்றால் தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கும், குளிர்ந்த தாளைத் திறந்தால் நொடியில் வியர்த்துவிடும். ஒரு நாள் முழுக்க மூடியபடியே அறைச் சூட்டுக்கு வரவிட்டுத்தான் திறந்தேன். அதற்குப் பிறகு கடிதங்கள் குடியிருப்பது கேமராக்காரர்கள் லென்ஸ் வைக்கும் டிரை கேபினட்டில், 50 சதவீதத்தில்.

அப்புறம் மை. மாமா மூன்று விதமாக எழுதியிருக்கிறார். தொடக்கக் கடிதங்கள் ஊற்றுப்பேனா நீல மை, பிறகு பால்பாயிண்ட், சில இடங்களில் தாளக் குறிகளுக்கு மட்டும் பென்சில். ஒவ்வொன்றுக்கும் எதிரி வேறு. ஊற்றுப்பேனா மை தண்ணீர் பட்டால் ஓடும், பால்பாயிண்ட் தண்ணீரில் நிற்கும் ஆனால் ஆல்கஹாலிலும் அசிட்டோனிலும் கரையும், பென்சில் எதிலும் கரையாது ஆனால் ரப்பர் வைத்தால் போய்விடும். இது எனக்குத் தெரிந்தும் நான்காவது கடிதத்தில் தவறு செய்தேன். மடிப்பை நிமிர்த்த ஈரம் காட்டும்போது, ஒரு டப்பாவுக்குள் ஈரத்துணி, அதற்கு மேல் கம்பி வலை, வலை மேல் கடிதம் என்று வைத்து மூடியை மூடினேன். அரை மணி நேரத்தில் எடுக்க வேண்டியதை ஒன்றரை மணி நேரம் விட்டேன், மூடியின் உள்பக்கம் திரண்ட ஒரு துளி சரியாகக் கையெழுத்தின் மேல் விழுந்தது. மாமா கையெழுத்து நீலப் பூவாக விரிந்துவிட்டது. அது இனி திரும்பாது. அன்றிலிருந்து மூடிக்கு அடியில் ஒரு உறிஞ்சுதாளை ஒட்டிவிட்டு, டைமர் வைக்காமல் எந்தத் தாளையும் டப்பாவுக்குள் வைப்பதில்லை. ஊற்றுப்பேனாக் கடிதங்களை ஈரத்தில் வைப்பதை முழுதாகவே விட்டேன், அவற்றை வெறும் கனத்தின் கீழ் பல வாரம் வைத்து நிமிர்த்தினேன்.

கிழிசலுக்கு ஜப்பானியத் தாள், கோதுமைப் பசை. தாளைப் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஓவியச் சாமான் விற்கும் கடையில் வாங்கினேன், கோசோ என்ற மரப்பட்டை நாரில் செய்தது, கையில் பிடித்தால் பிடித்திருப்பதே தெரியாத மெல்லிசு. பசைக்கு மைதா வேண்டாம், அதில் இருக்கும் புரதம் நாளடைவில் மஞ்சளாகும், பூச்சிக்கும் பிடிக்கும். மாவுச்சத்து மட்டும் வேண்டும். ஈரச்சந்தைக்குப் பக்கத்துக் கடையில் ஹார் காவ் என்ற இறால் கொழுக்கட்டையின் மேல்தோலுக்கு விற்கும் கோதுமை ஸ்டார்ச் பாக்கெட் கிடைக்கும், வேறு மாவு கலக்காததாகப் பார்த்து அதை எடுத்தேன். ஒரு பங்குக்கு நாலு பங்கு வடிகட்டிய தண்ணீர், சிறுதீயில் கைவிடாமல் அரை மணி நேரம் கிளறினால் பால் நிறம் போய்க் கண்ணாடி மாதிரி வரும், ஆறியதும் சல்லடையில் மூன்று முறை தேய்த்து எடுக்க வேண்டும். கூழ் காய்ச்சத் தெரிந்த எவருக்கும் இது வரும். என் அம்மாதான் முதல் இரண்டு முறை காய்ச்சிக்கொடுத்தார்.

ஜப்பானியத் தாளைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது. ஈரப் பிரஷ்ஷால் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டில் மெதுவாகப் பிய்த்தால் ஓரம் நார்நாராக வரும், அந்த நார்தான் கடிதத்தின் நாரோடு போய்ப் பிடித்துக்கொள்ளும். பசை பிரஷ்ஷில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குத் தொட்டால் போதும். ஒட்டிய பிறகு இரண்டு பக்கமும் ஒட்டாத துணித்தாள், அதற்கு வெளியே உறிஞ்சுதாள், மேலே கண்ணாடி, கண்ணாடி மேல் அம்மாவின் அம்மிக் குழவி. ஒரு மடிப்புக்கு இரவு முழுக்க வேண்டும், 31 ஏரோகிராமுக்கு எத்தனை மடிப்பு என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெதுவாக நடந்ததால்தான் நான் அந்தக் கடிதங்களை உண்மையில் படித்தேன். ஒரு சென்டிமீட்டர் கிழிசலைப் பொருத்தும்போது இரண்டு ஓரத்திலும் உள்ள எழுத்தின் பாதிகள் சரியாகச் சேர வேண்டும், அப்போது அந்த வார்த்தையை இருபது தடவையாவது பார்த்திருப்போம். ஆப்பெரா என்ற பாட்டு நாடகம் எப்படி உண்டாகிறது என்று இசை வரலாற்றுப் புத்தகங்களில் படித்ததைவிட அந்தக் கிழிசல்களில் எனக்கு அதிகம் தெரிந்தது. பெரிய பெரிய எண்ணங்களைப் பற்றி மாமா எழுதவே இல்லை. மூச்சைப் பற்றி எழுதினார். எந்த எழுத்தில் மேலே போகலாம், எந்த வரியில் பாடகர் தண்ணீர் குடிக்க முடியும், ஷிஃப்ட் வேலைக்குப் போகும் ஆட்களை வைத்துக் கோரஸ் எப்படிப் பழக்குவது, இதுதான் 43 கடிதமும்.

ஏரோகிராமே நாடகத்தின் அளவை முடிவு செய்திருக்கிறது என்பதையும் தாளைக் கையில் வைத்திருந்தபோதுதான் கண்டேன். ஏரோகிராமுக்குள் வேறு எதையும் வைத்து அனுப்பக் கூடாது, அந்த ஒற்றைத் தாளில் எழுதியதுதான். அதனால் சுரம், சாகித்தியம் என்ற பாட்டு வரிகள், வாத்தியாருக்கான கேள்வி எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். மாமா முதலில் இதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்கிறார், அப்புறம் ஒரு கடிதத்தில் ஒரு காட்சிக்கு ஒரு தாள் போதும், அதற்கு மேல் நீண்டால் கேட்பவர்கள் நாற்காலியில் நெளிவார்கள் என்று எழுதிவிட்டார். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் திறந்தவெளியில் மேடை கட்டி வாயாங் என்ற சீன இசை நாடகம் நடக்கும்போது அவர் போய் நின்று பார்ப்பாராம். கூட்டம் நிற்கிறதா நகர்கிறதா என்று மேடையைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துக் கற்றதாக எழுதுகிறார்.

அகவல் என்னும் ஆசிரியப்பா அவருக்குப் பெரிய தலைவலி. மணிமேகலை முழுக்க ஆசிரியப்பா, அதை அப்படியே பாட வேண்டும் என்று வாத்தியார் ஆசைப்பட்டிருக்கிறார், குறைந்தபட்சம் "உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே" என்ற ஒரு வரியையாவது. மாமா அந்த வரியைச் சீர் சீராகப் பிரித்து, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கும் ஒற்று அடுத்த குறிலுக்கும் இரண்டு என்று எண்ணி, 3, 5, 6, 4 என்று ஓரத்தில் போட்டிருக்கிறார். கூட்டினால் 18. நாலு சீர், நாலும் நாலு விதமான நீளம். எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் சீருக்கு இரண்டு அட்சரம் என்று வைத்தால் "உண்டி" இழுபடும், "உயிர்கொடுத்" நெருக்கியடிக்கும். அதோடு சீர் பிரிகிற இடத்தில் "கொடுத்தோரே" என்ற சொல் இரண்டாக உடைகிறது. படிக்கும்போது கண் சேர்த்துக்கொள்ளும், பாடும்போது காது "தோரே" என்றால் என்ன என்று கேட்கும். மூன்று கடிதம் இதிலேயே போயிருக்கிறது, கடைசியில் அந்த வரியை மட்டும் தாளமில்லாமல் விருத்தமாக விட்டுவிட்டார், மற்ற இடங்களில் வாத்தியாரைச் சிந்து எழுதச் சொன்னார். சீர்காழியில்தான் அருணாசலக் கவிராயர் இருந்து ராம நாடகக் கீர்த்தனைகளை எழுதினார், உங்கள் ஊர்க்காரரிடமே கற்றுக்கொள்ளுங்கள் வாத்தியாரே என்று கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறார்.

பசை காயும் இரவுகளில் நான் ஐரோப்பிய இசையமைப்பாளர் மொசார்ட் தன் அப்பாவுக்கு எழுதிய கடிதங்களைப் படித்தேன். 1780 நவம்பரில் 24 வயதில் மொசார்ட் மியூனிக் போகிறார், இடோமெனியோ ஆப்பெராவை அங்கே முடிக்க வேண்டும். ஆனால் வரிகள் எழுதும் வரெஸ்கோ சால்ஸ்பர்க்கில் இருக்கிறார், நடுவில் அப்பாதான் கடிதங்களைக் கொண்டுபோய் மாற்றி வாங்கி அனுப்புகிறார். யீஷூனும் சீர்காழியும் போலவே. ராஃப் என்ற பாடகருக்கு அப்போது 66 வயது, ஒரு வரியில் "ரின்விகோரிர்" என்று இகரமாகவே வருகிறது, பாட முடியவில்லை என்கிறார், மொசார்ட் அதை அப்படியே அப்பாவுக்கு எழுதுகிறார். இதைப் படித்த மறுநாள் நான் ஒட்டிய கடிதத்தில் மாமா, மேல் ஷட்ஜத்தில், அதாவது உயரத்து ஸ-வில், இ வராமல் பாருங்கள், ஆ கொடுங்கள், இல்லை ஓ கொடுங்கள் என்று கெஞ்சியிருந்தார். மாமா மொசார்ட் கடிதங்களைப் படித்தவர் இல்லை, அவர் வீட்டில் அப்படிப் புத்தகமே கிடையாது என்று அம்மா உறுதியாகச் சொல்கிறார். தொண்டை எல்லா ஊரிலும் ஒரே தொண்டை.

இப்போது அந்தத் தீவுக் காட்சி. எனக்கு இந்த வேலை முழுவதும் அந்த ஒரு தாளுக்காகத்தான் என்று தோன்றுகிற அளவுக்கு அது என்னைப் பிடித்துக்கொண்டது.

கதை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆபுத்திரன் கையில் அமுதசுரபி இருக்கிறது, எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் குறையாது. ஆனால் மழை நன்றாகப் பெய்து ஊரில் பசியே இல்லாமல் போகிறது, வாங்க ஆள் இல்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். நம் பக்கத்துச் சாவகம்தான், ஜாவா, இதனால்தான் மாமா இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தார், நம் கடல் வழியாகப் போகிற கதை வாத்தியாரே என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறார். காற்றுக்காகக் கப்பல் மணிபல்லவத்தில் நிற்கிறது, அவன் இறங்குகிறான், அவன் இறங்கியது தெரியாமல் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு. பாத்திரத்தில் தனக்கு மட்டும் சோறு எடுத்துச் சாப்பிட்டு உயிர் வாழ அவனுக்கு மனம் இல்லை. கோமுகிப் பொய்கையில் பாத்திரத்தை விட்டுவிட்டு உண்ணாமல் உயிரை விடுகிறான். மேடையில் ஒரே ஒரு ஆள், பேச யாரும் இல்லை, செய்வதற்கு ஒரே ஒரு செயல்.

அந்தத் தாளின் மேல் ஓரத்தைத் திறக்கும்போது யாரோ கத்தியால் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள், ஒரு துண்டு காணாமலே போய்விட்டது, மீதி ஓரத்தில் செல்லோடேப். தலைப்பில் ராகத்தின் பெயர் இருந்த இடம் அதுதான். எஞ்சியது கடைசி இரண்டு எழுத்து, அதில் ஒன்று ம். கீழே சுரங்கள் தெளிவாக இருக்கின்றன: ஸ ரி க ப த. அவ்வளவுதான், மயும் இல்லை நியும் இல்லை.

இதில் என்ன சிக்கல் என்று சங்கீதம் தெரிந்தவர்களுக்குப் புரிந்திருக்கும். மோகன ராகத்துக்கும் ஸ ரி க ப த, பூபாள ராகத்துக்கும் ஸ ரி க ப த. நம் எழுத்து முறையில் எந்த ரி, எந்த க என்று குறிப்பதில்லை, ராகத்தின் பெயர்தான் அதைச் சொல்லும். மோகனத்தின் ரி, க, த மூன்றையும் அரைப்படி இறக்கினால் பூபாளம். ஒன்று வெளிச்சம், மற்றது விடியலுக்கு முந்தைய இருட்டு. இரண்டு பெயரும் ம்-இல் முடிகின்றன. அதற்கு முந்தைய எழுத்து ன-வா ள-வா என்பதில்தான் முழுக் காட்சியும் நிற்கிறது, அந்த எழுத்தின் மேல்தான் டேப்.

டேப்பின் பிளாஸ்டிக் தானாகவே உதிரும் நிலையில் இருந்தது, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் தள்ளிப் பிடித்து மெல்லிய ஸ்பாட்டுலாவால் எடுத்தேன். பசைதான் பிரச்சினை. கரைப்பான் போட்டால் அடியில் இருக்கும் பால்பாயிண்ட் மையும் சேர்ந்து ஓடிவிடும். க்ரேப் ரப்பர் துண்டு ஒன்றை வாங்கி, தேய்க்காமல், தொட்டுத் தொட்டு எடுத்தேன், பிசுபிசுப்பு கொஞ்சம் கொஞ்சமாக ரப்பரில் ஒட்டிக்கொண்டு வந்தது. நாலு மாலை ஆனது. மேலே இருந்த பிசின் போனது, தாளுக்குள் ஊறிய பழுப்புக் கறை போகவில்லை, போகாது.

சரி, கறையை எடுக்க முடியாவிட்டால் அதைப் பார்க்காமல் இருக்க முடியுமா என்று யோசித்தேன். 600 டிபிஐயில் கலராக ஸ்கேன் செய்து, தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைத்தேன். ஏரோகிராம் மெல்லிசு, வெள்ளை மூடி இருந்தால் பின்பக்க எழுத்தும் சேர்ந்து தெரியும், கறுப்பு வைத்தால் அது அடங்கிவிடும். பிறகு படத்தில் சிவப்பு அலைவரிசையை மட்டும் தனியாகப் பார்த்தேன். பழுப்பு நிறம் சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும், அதனால் சிவப்பில் கறை வெளுத்துவிடும். நீல மை சிவப்பை விழுங்கும், அதனால் கறுப்பாக நிற்கும். திரையில் கறை காணாமல் போய் எழுத்து மட்டும் நின்றபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ள. கீழே இழுத்த கால் தெரிந்தது. சந்தேகம் தீர, போன் டார்ச்சைத் தாளின் ஓரத்தில் படுக்கவைத்துப் பக்கவாட்டு ஒளியிலும் பார்த்தேன், பேனா அழுத்திய பள்ளம் அதே காலைக் காட்டியது.

ஆனால் வேறொரு கடிதத்தில் மாமா, முழு நாடகத்துக்கும் மோகனமே போதும், தீவுக்கும் அதுதான் என்று எழுதியிருக்கிறார். இன்னொன்றில், மூன்று சுரம் அரைப்படி இறங்கினால் புகார் நகரம் மறைந்து சாவகம் வந்துவிடுகிறது வாத்தியாரே என்று எழுதியிருக்கிறார். ஜாவாவின் கமலான் வாத்தியங்களில் பெலோக் என்ற சுர அமைப்பில் ஒரு ஐந்து சுரத் தேர்வு நம் காதுக்குப் பூபாளத்தின் பக்கத்தில் வரும், அதை எங்கேயோ கேட்டிருக்கிறார். இந்த இரண்டு கடிதத்தில் எது முந்தியது? இரண்டிலும் தேதி இல்லை, முத்திரை மை அழிந்துவிட்டது.

கடிதங்களை வரிசைப்படுத்த எனக்கு உதவியது முகவரிகள். பழைய கடிதங்களில் சிங்கப்பூர் 27 என்று வெறும் இரண்டு இலக்க வட்டார எண், 1979இல் நாலு இலக்கம் வந்த பிறகு அந்த 27க்குப் பின்னால் இன்னும் இரண்டு எண் சேர்ந்துகொண்டது. சீர்காழி முகவரியில் எல்லாவற்றிலும் 609இல் தொடங்கும் பின்கோடு இருப்பதால் 1972க்கு முந்தையது எதுவும் இல்லை. ஆனால் இந்த இரண்டு கடிதத்திலும் நாலு இலக்க எண்தான், அதனால் முகவரி கைகொடுக்கவில்லை. கைகொடுத்தது டிரங்க் கால். மோகனம் போதும் என்ற கடிதத்தில், ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு எட்டு மணிக்குப் பேசுவோம், எனக்குப் பத்து ஆகும் என்கிறார். மற்றதில், இனி உங்கள் எட்டு மணி எனக்குப் பத்தரை, மறந்துவிடாதீர்கள் என்கிறார். 1982 ஜனவரி 1ஆம் தேதியோடு சிங்கப்பூர் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் போனது. அதுவரை இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம், அதன்பிறகு இரண்டரை. அப்படியென்றால் மோகனம் முதலில், பூபாளம் பிறகு. தீவுத் தாளில் இருப்பது அவருடைய கடைசி முடிவு.

இவ்வளவும் ஆன பிறகு சமூக மன்றத்தில் ஆர்மோனியம் வாசிக்கும் நண்பரை வீட்டுக்கு அழைத்து வாசிக்கச் சொன்னேன். ஆர்மோனியத்தில் சுரத்தை வளைத்து அசைக்கும் கமகம் வராது, பூபாளம் அதில் கொஞ்சம் மொட்டையாகத்தான் இருக்கும், இருந்தாலும் வடிவம் தெரியும் அல்லவா. கடைசி வரி வரை வந்தது. பாத்திரத்தைப் பொய்கையில் விடுகிற இடத்தில் சுரம் ப, த, அதற்குப் பிறகு புள்ளி வைத்த ஸ, அதாவது மேல் ஷட்ஜம். அவர் மேலே போய் நின்றார். நன்றாகத்தான் இருந்தது, பாடகர் கையை உயர்த்தி நிற்கலாம், கைதட்டல் விழும். ஆனாலும் எனக்கு உறுத்தியது, சோற்றுப் பாத்திரத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டுச் சாகப்போகிறவன் எதற்கு மேலே போகிறான்?

அப்போதுதான் அந்தப் புள்ளியைப் பார்த்தேன். தாள் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள், நம் சுரக் குறிப்பிலோ மேல் ஸ்தாயிக்குத் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் காலடியில் புள்ளி. நான் திரையில் கலர் படத்தை வைத்துக்கொண்டு படியெடுத்திருந்தேன், தலைப்பை மட்டும்தான் சிவப்பில் பார்த்திருந்தேன். ஸ்கேனைத் திறந்து அந்த இடத்தைச் சிவப்பில் வைத்தேன். புள்ளி போய்விட்டது. அது மையே இல்லை, தாளின் கறை. முந்தைய வரியில் உள்ள புள்ளிகள் எல்லாம் கறுப்பாக அப்படியே இருந்தன, இது மட்டும் இல்லை. மாமா எழுதியது வெறும் ஸ. த-விலிருந்து நேராக ஆதார ஷட்ஜத்துக்கு விழுகிறது.

நண்பர் திரும்ப வாசித்தார். ப, த, அப்புறம் அந்தப் பள்ளம். அறையில் யாரும் எதுவும் பேசவில்லை. சமையலறையிலிருந்து அம்மா வந்து, அண்ணன் அந்த இடத்தில் கையை இப்படி இறக்குவார் என்று சொல்லி, உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து மெதுவாகத் தாழ்த்திக் காட்டினார்.

அதன் பிறகு நான் 43 கடிதத்தில் உள்ள எல்லாச் சுரங்களையும் முதலிலிருந்து சிவப்பில் வைத்துச் சரிபார்த்தேன். பதினொரு புள்ளிகள் கறை. ஊற்றுப்பேனா எழுத்தில் இரண்டு இடத்தில் தலைகீழாகவும் நடந்திருந்தது, மை வெளிறிப்போய் உண்மையான புள்ளியைக் கறை என்று நினைத்து நான் விட்டிருந்தேன். உங்களிடம் தாத்தா, பாட்டி எழுதிய சுரப் புத்தகம் எதுவும் இருந்தால், போன் படத்தைப் பார்த்துப் படியெடுக்காதீர்கள், கலரைப் பிரித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். தமிழ் எழுத்துக்கே புள்ளி உண்டு, பழைய தாளில் ப-வும் ப்-உம் கூட இடம் மாறியிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை சீர்காழிக்கு வீடியோ காலில் அக்காவை அழைத்தேன், அங்கே எட்டு, இங்கே பத்தரை. ஆர்மோனியப் பதிவைப் போட்டுக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் திரைக்கு வெளியே போய், வாத்தியாரின் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு திரும்பி வந்தார். தீவுக் காட்சியின் பக்கத்தைக் கேமரா முன்னால் பிடித்தார். பாத்திரம் கையை விட்ட பிறகு ஆபுத்திரன் பாடுவதற்கு வாத்தியார் இன்னும் மூன்று வரி எழுதியிருக்கிறார், நல்ல வரிகள், அடுத்த பிறப்பைப் பற்றி. மூன்றின் மேலும் ஒரே கோடு அடித்திருக்கிறது. ஓரத்தில் வாத்தியார் கையெழுத்தில், சிங்கையில் வேண்டாம் என்கிறார், என்று இருக்கிறது.

மாமா வேண்டாம் என்று எழுதிய அந்தக் கடிதம் இந்த 43இல் இல்லை, வேறெங்கோ போயிருக்க வேண்டும். மொசார்ட்டும் இடோமெனியோவில் பூமிக்கு அடியிலிருந்து வரும் குரலின் பேச்சு நீளமாக இருக்கிறது என்று சொல்லிக் குறைத்துக்கொண்டே போனார், அப்பாவுக்கு அதை எழுதியும் இருக்கிறார். நான் அக்காவிடம் அந்தப் பக்கத்தைக் கறுப்பு அட்டை வைத்து நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சுத்தப் பிரதியில் அந்த ஸ-வுக்குப் பிறகு எதுவும் எழுதாமல் தாளின் மீதியை வெறுமையாக விட்டிருக்கிறேன், ஏரோகிராமில் மாமா விட்டிருந்த அளவுக்கே, ஏழு சென்டிமீட்டர்.